கலர் கேமரா வாங்க வந்தவர்

உக்காருங்க தம்பி. அந்த நாற்காலி வேண்டாம், அது கால் ஆடும். ஒரு மாசமா ஆணி அடிக்கச் சொல்லிட்டு இருக்கேன். ஊருல இருக்கற தையல் மெஷினுக்கெல்லாம் ஸ்குரூ முறுக்குன மனுசன், சொந்த வூட்டு நாற்காலிக்கு ஒரு ஆணி அடிக்க மாட்டீங்கறாரு. நீங்க இப்படி சோபாவுல உக்காருங்க.

திண்டுக்கல்லுல இருந்து விடியறதுக்கு முன்னாலயே பஸ் ஏறியிருப்பீங்க. அவரு உங்களுக்குக் காப்பி போடப் பால் வாங்கப் போயிருக்காரு. நாலு வூடு தள்ளித்தான் கடை. மத்தவங்களுக்கு அஞ்சு நிமிசம், இவருக்கு அரை மணி நேரம். வண்டி இருக்குது, நல்லா ஓடற வண்டி. அதைத் தொட்டு ஏழு மாசமாச்சு. நடந்தா சர்க்கரைக்கு நல்லதாம். நடக்கட்டும், யாரு வேண்டாங்கறது. நடக்கறவங்க வெடுக்கு வெடுக்குன்னு நடக்கோணுமில்ல? இவரு செவுத்த ஒட்டி ஒட்டி, புதுப்பொண்ணு மாதிரி அடி வெச்சுப் போறாரு. பின்னால இருந்து பாத்தா எனக்குப் பத்திட்டு வரும்.

நான் கோகிலவாணிங்க. குழந்தைவேலுன்னு உங்ககிட்டப் போன்ல பேசுனாருல்ல, அவரு சம்சாரம்.

நீங்க கேட்ட, வானம் எடுக்கற கலர் கேமரா அந்த நீலப் பெட்டியில இருக்குது. அவரு வந்து காட்டுவாரு. நான் அதைத் தொட மாட்டேன். விக்கற வூட்டுக்காரியே இப்படிப் பேசலாமான்னு உங்களுக்குத் தோணும். என்ன பண்றது, எனக்கு மனசுல ஒண்ணு வெச்சுட்டு வாயில ஒண்ணு பேச வராது. அந்தக் கேமராவப் பாத்தா எனக்கு ஈ விழுந்த கொழம்பப் பாக்கற மாதிரி இருக்குது. நீங்க வாங்கிட்டுப் போனா வூடு கழுவி வுடலாம்னு இருக்கேன். தப்பா எடுத்துக்காதீங்க.

நான் என்ன வேலை பாக்கறேன்னு சொன்னா உங்களுக்குப் புரியும். சாயப்பட்டறையில ஷேடு பாக்கறேன். இருபத்திரண்டு வருசமாச்சு. துணி சாயம் ஏறிக் காஞ்சு வரும். வாங்கறவன் அனுப்புன மாதிரித் துணி ஒரு துண்டு நம்மகிட்ட இருக்கும். ரெண்டையும் லைட் பெட்டிக்குள்ள பக்கத்துல பக்கத்துல வெச்சு, ஒண்ணா வேறயான்னு பாத்துச் சொல்லோணும். நான் வேறன்னா வேறதான். மொதலாளியே வந்து நின்னாலும் அந்த லாட், அந்தத் துணி மொத்தமும், திரும்பித்தான் போகும். ரெண்டு கருப்புத் துணியக் குடுங்க, எதுல நீலம் ஓடுது, எதுல செவப்பு ஓடுதுன்னு சொல்லிருவேன். நம்பர் போட்டுச் சொல்ற மெஷினும் ஒண்ணு வெச்சிருக்காங்க. அது சரின்னு சொன்னதை நான் இல்லைன்னு சொல்லி, நான் சொன்னதே சரியாப் போயிருக்குது, ஒரு தடவை இல்ல, பல தடவை. பெருமைக்குச் சொல்லலீங்க. என் கண்ணுக்கு ஒண்ணும் தப்பாது.

இப்படி இருக்கறவ எப்படி வானத்தப் போட்டோ எடுக்க வந்தான்னு கேப்பீங்க. எல்லாம் அவரால வந்தது. புள்ளகுட்டி இல்லாத வூடு. பொழுதோட வேலை முடிஞ்சு வந்தா ரெண்டு பேரும் மாடியில பாய விரிச்சுப் படுத்துக்குவோம். அவரு நட்சத்திரம் காட்டுவாரு. மேப்பு கிடையாது, போன் கிடையாது, விரல நீட்டுனா விரல் நுனியில நிக்கும். அப்பறம் அவரே ஒரு டெலஸ்கோப் பண்ணுனாரு. பனியன் கம்பெனியில, பட்டன் ஓட்டை போடற காஜா மெஷினுக்கு மெக்கானிக்குங்க, கை அப்படி ஓடும். பழைய தையல் மெஷின் மோட்டாரைப் போட்டு, வானம் நகர நகரக் கூடவே நகர்ற மாதிரிப் பண்ணிட்டாரு. அன்னைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கல, அவ்வளவு சந்தோசம்.

கேமரா வாங்கலாம்னு வந்தப்ப, கருப்பு வெள்ளைதான்னு சொன்னது நானு. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், இருந்தாலும் சொல்றேன். கலர் கேமராவுக்குள்ள என்ன இருக்குது? புள்ளி புள்ளியா இருக்குதுல்ல, அந்த ஒவ்வொரு புள்ளி மேலயும் ஒரு கலர்க் கண்ணாடி ஒட்டியிருக்குது. நாலு புள்ளி எடுத்தா ஒண்ணுக்குச் செவப்பு, ரெண்டுக்குப் பச்சை, ஒண்ணுக்கு நீலம். செவப்புப் புள்ளிக்குப் பச்சை தெரியாது, பச்சைக்கு நீலம் தெரியாது. தெரியாததையெல்லாம் பக்கத்து வூட்டப் பாத்து ஊகிச்சுக்குது. பாதி வெளிச்சத்துக்கு மேல அந்தக் கண்ணாடியிலயே போயிருது. ஊகத்துல வர்ற கலரு ஒரு கலரா? கருப்பு வெள்ளையில அந்தக் கண்ணாடியே கிடையாது. வர்ற வெளிச்சம் பூரா உள்ள வரும். நாம முன்னால செவப்பு ஃபில்டர் போட்டுப் பத்துப் படம், பச்சை போட்டுப் பத்து, நீலம் போட்டுப் பத்து எடுக்கோணும். அப்பறம் மூணையும் உக்காந்து கலக்கோணும். சாயப்பட்டறையில மஞ்ச, செவப்பு, நீலம் மூணையும் தனித்தனியா எடை போட்டுக் கலக்கற மாதிரி. கஷ்டம்தான். வேலைன்னா கஷ்டம் இருக்கத்தான் செய்யும்.

எங்க வூட்டுல முறை என்னன்னா, எடுக்கறது ரெண்டு பேரும். கலக்கறது அவரு. கடைசியாப் பாத்து சரி, சரியில்லைன்னு சொல்றது நானு. அஞ்சு வருசம் இப்படித்தான் நடந்துச்சு. அவரு கம்ப்யூட்டர்ல கலந்து முடிச்சிட்டு, "வாணி, பாரு"ம்பாரு. நான் கையத் தொடச்சிட்டு வந்து நிப்பேன். சரின்னா தலையாட்டுவேன், அவ்வளவுதான். அதுக்கு அவரு மூஞ்சியப் பாக்கோணுமே, பட்டம் வாங்குன மாதிரி இருக்கும்.

போன வருசம் மாசியில கெட்டுச்சு.

ஓரியன்னு ஒரு வேட்டைக்காரன் வானத்துல நிப்பான்ல, அவன் இடுப்புக்குக் கீழ புகை மாதிரி ஒண்ணு இருக்கும். ரோஜாப்பூவக் கசக்கி வுட்ட மாதிரி ஒரு கலரு. பழகுன படம்தான், எத்தனையோ தடவை எடுத்திருக்கோம். கூப்பிட்டாரு, போய்ப் பாத்தேன். தம்பி, சொட்டு நீலத்த அளவு தெரியாமப் போட்டு முக்குன வேட்டி மாதிரி இருந்துச்சு. பூரா நீலம். எனக்குக் குமட்டிட்டு வந்துச்சு. "என்னங்க இது கருமம்?"னேன். அவரு படத்தப் பாக்கறாரு, என்னைப் பாக்கறாரு. "நீலம் பத்தலன்னுதான் வாணி நான் இன்னும் கொஞ்சம் ஏத்துனேன்"ங்கறாரு. பத்தலையாம். நான் விளையாடறாருன்னு நினைச்சேன். "திருப்பிப் பண்ணுங்க"ன்னேன். திருப்பிப் பண்ணுனாரு, அதை வுட நீலம். மூணாவது தடவை பச்சையும் இல்ல மஞ்சளும் இல்ல, புண்ணு ஆறுன தோலு மாதிரி ஒரு கலரு.

நான் வாய வெச்சுட்டு சும்மா இருக்கறவ இல்ல. நல்லாக் குடுத்தேன். எத்தனை வருசம் என்கூட இருந்து என்ன கத்துக்கிட்டீங்க, பட்டறையில புதுசா வர்ற புள்ளைங்க கூட இதை விட நல்லாக் கலக்கும்னேன். அவரு சிரிச்சாரு. அதுதான் அவருகிட்ட எனக்குப் பிடிக்காதது. நாம கத்தறோம், அவரு சிரிக்கறாரு. நாம யாருகிட்டக் கத்துனோம்னு நமக்கே சந்தேகம் வந்துரும்.

அதுல இருந்து மனுசன் ஒரு மாதிரி சோம்பேறி ஆயிட்டாரு. ஆவணியில வேலைய வுட்டாரு. ஐம்பத்து நாலு வயசு. கை கால் நல்லாத்தான் இருக்குது. "போதும் வாணி, ஊசியில நூல் கோத்துக் கோத்து சலிச்சுப் போச்சு"ன்னாரு. கடைசிக் கடைசியில நூல் கோக்கறதுக்குக் கூட தையல் லைன்ல இருக்கற பொம்பளைங்களத்தான் கூப்பிடுவாராம், சூப்பர்வைசர் சொல்லி எனக்குத் தெரிஞ்சுது. எனக்கு மானமே போச்சு. மெக்கானிக்கு ஊசிக்கு நூல் கோக்க ஆள் வெச்சா ஊரு சிரிக்காதா?

மாடிக்கு வந்தாலும் ஒரே பொலம்பல். நட்சத்திரம் குறைஞ்சு போச்சாம். "ஊருல லைட்டு ஏறிப் போச்சு வாணி, முன்ன மாதிரி தெரியறதில்ல"ம்பாரு. நம்ம திருப்பூர்ல லைட்டு ஏறுனது வாஸ்தவம்தான். ஆனா தாராபுரத்துப் பக்கம் அவரு பெரியப்பா தோட்டத்துக்குப் போனோம். அங்க சுத்துப்பட்டுல ஒரு குண்டு பல்பு கிடையாது. வானம் பூரா அரிசியக் கொட்டுன மாதிரி இருக்குது. அங்கயும் நின்னுக்கிட்டு, "இங்கயும் லைட்டு வந்துருச்சாட்டம் இருக்குதே"ங்கறாரு. குறை சொல்றவங்களுக்கு ஒரு காரணம் வேணும், அவ்வளவுதான். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்.

அந்த ஐப்பசியிலதான் ஆரம்பிச்சாரு, கலர் கேமரா வாங்கலாம்னு. ஏனுங்க இருக்கறதுக்கு என்ன கேடுன்னு கேட்டேன். அவரு சொன்ன பதில அப்படியே சொல்றேன் கேளுங்க. "கலர் கேமராவுல கலரு அதுவே வந்துரும் வாணி. யாரும் பாத்துச் சொல்லத் தேவையில்ல."

யாரும் பாத்துச் சொல்லத் தேவையில்லையாம். இருபத்திரண்டு வருசமாப் பாத்துச் சொல்லிச் சோறு திங்கறவகிட்ட வந்து சொல்ற பேச்சா இது? என்னை வேண்டாங்கறதுக்கு ஒரு கேமரா. நான் அன்னைக்கு அடுப்பப் பத்த வெக்கல. ஒரு வாரம் முகம் குடுத்துப் பேசல. எட்டாம் நாள் பாத்தா வாங்கிட்டு வந்துட்டாரு, பொட்டாட்ட, ஒரு வார்த்தை சொல்லாம. பெட்டியப் பாத்ததும் எனக்கு அழுகையே வந்துருச்சு, கோவத்துல.

வானம் எடுக்கறவங்க நம்ம வாட்ஸப் குரூப்பப் பாக்கறீங்கல்ல? கலர்க் கேமராக்காரங்க போடற படமெல்லாம் ஒரு படமா? பஞ்சு மிட்டாய், கோபுரத்துக்கு அடிச்ச பெயின்ட்டு. இதுல ஒருத்தருக்கு ஒருத்தர் "அருமை, அருமை"ன்னு வேற. காறித் துப்பலாம்னு வரும். உங்க படம் நான் பாத்ததில்லைங்க, உங்களச் சொல்லல.

வால் நட்சத்திரத்துக்கு வர்றேன். இந்த மாசியில வந்துச்சே, மேக்கால, பொழுது இறங்குனதும் முக்கால் மணி நேரம் தெரிஞ்சுதே, அதுதான். நீங்களும் எடுத்திருப்பீங்க. இனி நம்ம ஆயுசுல அது திரும்பி வராதுன்னு சொன்னாங்க. எங்களுக்குக் கிடைச்சது மூணே நாள். அதுக்கு மேல எனக்கு லீவு கிடையாது. தோட்டத்துக்கே போய்த் தங்குனோம். மொத நாள் மேகம். ரெண்டாம் நாள் மேக்கால பளிங்கு மாதிரி இருக்குது. இருக்கறது ஒரே டெலஸ்கோப். ஒரு நேரத்துல ஒரு கேமராதான் மாட்ட முடியும்.

நான் கருப்பு வெள்ளைய எடுத்து மாட்டிட்டு இருக்கேன். பக்கத்துல வந்து நின்னாரு. "வாணி, இன்னைக்கு ஒரு நாள் கலர மாட்டிக்கலாம்"னாரு. நான் திரும்பியே பாக்கல. "அது நிக்காது வாணி, ஓடிட்டே இருக்கறது. நீ செவப்பு முடிச்சு நீலத்துக்கு வர்றதுக்குள்ள நகந்துரும். ஒரே ஒரு தடவை. எனக்கு இதை ஒரு தடவை முழுசாப் பாக்கோணும்"னாரு. கெஞ்சற மாதிரி இருந்துச்சு குரலு. எனக்கு அது இன்னும் அருவருப்பா இருந்துச்சு. ஆம்பள ஒரு பொம்மைக்கு இப்படிக் கெஞ்சுவாங்களா? "பாக்கோணும்னா நிமிந்து பாருங்க, அதா நிக்குது, கண்ணுக்கே தெரியுதே"ன்னேன். நிமிந்தாரு. "ஆமா, ஆமா, தெரியுது"ன்னாரு. அவரு பாத்தது தெக்க. வால் நட்சத்திரம் மேக்க. அவ்வளவுதான் அவருக்கு இருந்த அக்கறை.

படம் என்னாச்சுன்னு கேக்கறீங்களா? கேக்காதீங்க. கேக்காட்டியும் சொல்றேன், எனக்கு ஒளிச்சு வெக்கத் தெரியாது. அவரு சொன்ன மாதிரித்தான் ஆச்சு. செவப்புல ஒண்ணு, பச்சையில ஒண்ணு, நீலத்துல ஒண்ணு. மூணையும் சேத்தா மூணு வால் நட்சத்திரம் தனித்தனியா நிக்குது, காயப்போட்ட சேலையாட்ட. அதை ஒண்ணாக்கறதுக்கு வழி இருக்குதுன்னு குரூப்புல சொன்னாங்க. வால ஒண்ணாக்குனா நட்சத்திரமெல்லாம் மூணு மூணாப் போயிருது. அதுக்கும் மேல நீலத்துக்கு வர்றப்ப அது அடிவானத்துப் புழுதிக்குள்ள இறங்கிருச்சு. சரி, முறையாச் செஞ்சு தோத்தேன். குறுக்கு வழியில ஜெயிக்கறத விட அது மேல்.

மூணாம் நாள் மத்தியானம் என்னை அவசரமா வரச் சொல்லிட்டாங்க பட்டறையில. ஒரு லாட் நிக்குது, நான் பாத்தாத்தான் போகும். நான் பஸ் ஏறிட்டேன். அன்னைக்குப் பொழுதோட இவரு தனியா, அந்தக் கலர மாட்டி, எடுத்திருக்காரு. எப்படி எடுத்தாருன்னு அப்பறம்தான் எனக்குத் தெரியும். தோட்டத்துல ஆடு மேய்க்கற பழனாத்தாவக் கூப்பிட்டு, "வால் எங்க நிக்குது, காட்டு ஆத்தா"ன்னு கேட்டிருக்காரு. அந்தப் பொம்பள கையப் புடிச்சு நீட்டிக் காட்டியிருக்குது. டெலஸ்கோப்ப அந்தக் கை போன பக்கம் திருப்பியிருக்காரு. முப்பது வருசம் விரல் நுனியில நட்சத்திரத்த வெச்சிருந்த மனுசன், ஆடு மேய்க்கறவகிட்டப் போய் வழி கேட்டா என்ன அர்த்தம்? பொண்டாட்டி இல்லாட்டியும் எனக்கு ஆள் இருக்குதுன்னு அர்த்தம். வேற என்ன?

அந்தப் படத்தப் பெருசாப் பிரின்ட் போட்டு, கண்ணாடி போடாம ஃபிரேம் மட்டும் போட்டு, இதா, இந்தச் செவுத்துல, டிவிக்கு மேல மாட்டுனாரு. ஆணி மட்டும் தெரியுது பாருங்க, அங்கதான். ஃபிரேம் போட்டவனே வந்து மாட்டிட்டுப் போனான்.

நான் வேலையில இருந்து வந்து நின்னு பாத்தேன். தலை பச்சை. பக்கத்து வானம் ஒரு பக்கம் பழுப்பு, ஒரு பக்கம் சாம்பல். ஓரத்து நட்சத்திரத்துக்கெல்லாம் ஊதா விளிம்பு. நம்ம பட்டறையா இருந்தா அந்த லாட்ட வாசல்லயே திருப்பி அனுப்பியிருப்பேன். வால் நட்சத்திரத்துக்குத் தலை பச்சையாத்தான் இருக்கும்னு குரூப்புல எல்லாரும் சொன்னாங்க. எல்லாரு படத்துலயும் பச்சைதான். இருக்கலாம். அதுக்காக?

எங்க வேலையில ஒரு பழக்கம் உண்டுங்க. துணியில எங்க குறை இருக்குதோ அங்க ஒரு சின்னச் செவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவோம், அம்புக்குறி போட்டது. பேசத் தேவையில்ல, ஸ்டிக்கரே பேசும். பையில எப்பவும் ஒரு ஷீட் இருக்கும். எடுத்தேன். ஒவ்வொரு குறைக்கும் ஒண்ணு. பதினாலு ஒட்டுனேன், தலையில மட்டும் மூணு. ஒட்டிட்டுப் போய்ச் சோறாக்குனேன். இப்ப வந்து சண்டை புடிக்கட்டும், நல்லாக் கேக்கலாம்னு காத்துட்டு இருக்கேன்.

சண்டையே புடிக்கல. தெனமும் காலையில காப்பி டம்ளரோட அந்தப் படத்துக்கு முன்னால வந்து நிக்கறாரு. பாக்கறாரு. போறாரு. செவப்பு ஸ்டிக்கரு பதினாலு, மூஞ்சிக்கு நேரா. ஒரு வார்த்தை கிடையாது. ஒரு நாள், ரெண்டு நாள், பதினோரு நாள். என்ன நெஞ்சழுத்தம் பாருங்க. நான் உள்ளுக்குள்ள வெந்துட்டு இருக்கேன், அவரு நின்னு ரசிக்கறாரு. எனக்கு அவரைப் பாக்கவே பிடிக்கல. பக்கத்துல உக்காந்து சாப்புடக்கூடப் பிடிக்கல.

பன்னண்டாம் நாள் பக்கத்து வூட்டு சாவித்திரி சர்க்கரை வாங்க வந்தா. படத்தப் பாத்துட்டு, "என்னக்கா, போட்டோ பூராச் செவப்பா அம்பு ஒட்டியிருக்குது?"ன்னு கேட்டா. இவரு அங்கதான் உக்காந்திருந்தாரு. எந்திரிச்சாரு. படத்துகிட்டப் போனாரு. போய், கைய வெச்சுத் தடவறாரு. மேல இருந்து கீழ, தடவித் தடவி, விரல்ல தட்டுப்பட்டதையெல்லாம் நகத்தால கிளப்பிக் கிளப்பி எடுத்து, உள்ளங்கையில ஒட்டிக்கிட்டாரு. ஒவ்வொண்ணா. சாவித்திரிக்கு முன்னால. நாடகம் தம்பி, நாடகம். நான் கொடுமைக்காரியாம், இவரு பாவமாம், அதுக்குக் கண்ண மூடாத குறையாத் தடவிக் காட்டறாரு. பதிமூணுதான் எடுத்தாரு. பதினாலாவது வலது ஓரத்துல இருந்துச்சு, அதை வுட்டுட்டாரு.

அன்னைக்கு மத்தியானமே படத்தக் கழட்டிக் கட்டிலுக்கு அடியில தள்ளிட்டாரு. அடுத்த வாரம் குரூப்புல போட்டாச்சு, கலர் கேமரா விலைக்குன்னு. தோத்தவரு தோத்தேன்னு சொல்லிட்டுப் போகலாமில்ல? சொல்ல மாட்டாரு. பொட்டாட்ட விக்கறாரு. எனக்குக் கேட்ட உடனே சந்தோசமா இருக்குமுன்னு நினைச்சேன். இல்லைங்க. எதுத்து ஒரு வார்த்தை கேக்காத மனுசன்கூடச் சண்டை போட்டு ஜெயிச்சா அது வாயில மண்ணு விழுந்த மாதிரிதான் இருக்குது.

என்னங்க தம்பி, நான் பாட்டுக்குப் பேசிட்டே இருக்கேன். நீங்க வந்ததுல இருந்து கைய மடியில வெச்சுட்டு, தலையக் குனிஞ்சு உக்காந்திருக்கீங்க. ஒரு பொருள் வாங்க வந்தவரு பெட்டியத் திறந்து பாக்க மாட்டீங்களா? அவரு போன்ல உங்ககிட்ட என்ன சொன்னாரு? ஏன் விக்கறேன்னு சொன்னாரு? வூட்டுக்காரி ராங்கி புடிச்சவன்னு சொன்னாரா? சொல்லுங்க, நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்.

என்ன?

கண்ணா? யாரு கண்ணு?

இல்லைங்க. அவருக்குச் சர்க்கரை இருக்குது, மாத்திரை திங்கறாரு. கண்ணுக்கு ஒண்ணும் கிடையாது. இருந்தா எனக்குத் தெரியாதா? நீங்க வேற யாருகிட்டயோ பேசியிருப்பீங்க.

கோயமுத்தூர் கண்ணாஸ்பத்திரின்னு சொன்னாரா? மாசத்துல ஒரு செவ்வாக்கிழமை கோயமுத்தூர் போவாரு. பழைய மொதலாளியப் பாக்கப் போறேன்னுதான் என்கிட்டச் சொல்லுவாரு. ஊசியா? கண்ணுக்குள்ளயா? எத்தனை போட்டாங்களாம்? கூட யாரு போனா? தனியாவா?

எப்ப இருந்துன்னு சொன்னாரு? போன ஆடியில இருந்தா.

போன பார்வை திரும்பி வராதாமா? இருக்கறதத்தான் காப்பாத்தலாம்னு சொன்னாங்களாமா?

இருங்க. கொஞ்சம் இருங்க தம்பி. பதினோரு நாள். பதினோரு நாள் அந்தப் படத்துக்கு முன்னால நின்னாரே, அவருக்கு அந்த ஸ்டிக்கரு தெரியவே இல்லையா? அவரு எதைப் பாத்துட்டு நின்னாரு?

ரெண்டு கருப்புல எது நீலம்னு சொல்லுவேன்னு உங்ககிட்டச் சொன்னேனே. ஒரே வூட்டுல, ஒரே தட்டுக்கு முன்னால உக்காந்திருக்கற மனுசனோட கண்ணு. சீ. எனக்கு என்னைப் பாத்தாத்தான் குமட்டுது.

என்கிட்ட ஏன் சொல்லலைன்னு சொன்னாரா? அதையும் சொல்லியிருப்பாரு. முழுங்காதீங்க, சொல்லுங்க.

"தெரிஞ்சா அவ என்னைத் திட்டறத நிறுத்திருவா. வூட்டுல அது ஒண்ணுதான் முன்ன மாதிரியே இருக்குது." இப்படியேவா சொன்னாரு? இதே வார்த்தையா?

தம்பி, இந்தக் கேமரா விக்கறதுக்கு இல்லைங்க. அவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்தீங்க, என்னை மன்னிச்சுக்கங்க. நான் இல்லாம அவரு தன் கையால எடுத்தது அந்த ஒரு வால் நட்சத்திரம்தான், அதை எடுத்தது இதுதான். உள்ள பீரோவுல கருப்பு வெள்ளை இருக்குது, ஃபில்டரோட. அதை எடுத்துக்கங்க. உங்களுக்குக் கலர்தான் வேணும்னு தெரியும், இருந்தாலும் எடுத்துட்டுப் போயிருங்க. அதை இனி நான் கையில தொட மாட்டேன். அவரு கேட்டா, உங்க சம்சாரம்தான் மாத்திச் சொன்னாங்கன்னு சொல்லுங்க. அவங்களுக்கே கலர் கேமரா பிடிச்சுப் போச்சாம்னு சொல்லுங்க. சிரிப்பாரு. சிரிக்கட்டும்.

வாசல் கேட்டுத் திறக்கற சத்தம் கேக்குது. வந்துட்டாரு. நீங்க என்கிட்ட ஒண்ணும் சொல்லல, நான் ஒண்ணும் கேக்கல. சரிங்களா? என் குரலு சரியா இருக்குதா தம்பி? அழுத மாதிரி இருக்குதா? மூஞ்சி எப்படி இருந்தாலும் பரவாயில்ல, குரலு சரியா இருக்கோணும்.

பாருங்க அங்க. வெயில்ல இருந்து உள்ள வந்ததும் கதவு நிலையைத் தடவிப் புடிச்சிட்டு நிக்கறாரு. உள்ள எது எங்க இருக்குதுன்னு தெரியற வரைக்கும் அப்படியேதான் நிப்பாராட்ட இருக்குது.

ஏனுங்க, அவ்வளவு தூரத்துல இருந்து மனுசன் வந்து உக்காந்திருக்காரு, நீங்க வாசல்ல மரமாட்ட நின்னா என்ன அர்த்தம்? அந்தப் பக்கம் எங்க பாக்கறீங்க? நான் இந்தப் பக்கம் இருக்கேன். இப்படி வாங்க.